உங்கள் ஷெட்டில் என்ன கார் நிற்கிறது?

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நாலு பேர் சேர்ந்தால் என்ன பேசுவீர்கள்? கிரிக்கெட், சினிமா... அடுத்தது கார்தானே! "எங்க மாமா கார் பட்டனைத் தட்டினாலே ஸ்டார்ட் ஆயிடும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அதெல்லாம் ஒரு காரா? ஃபெராரியைப் பார்த்திருக்கியா?" என்று இன்னொருவர் மடக்குவார். பேச்சு வீட்டு வாசல் வரை ஓயாது.

நீங்கள் மட்டுமல்ல சுட்டிகளே, பெரியவர்களும் இப்படித்தான்! ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் ஓரிடத்தில் கூடினால் ஒருவரையொருவர் மூன்று கேள்விகள் கேட்டுக் கொள்வார்கள்.

ஒன்று: உங்கள் வயது என்ன?

இரண்டு: இதற்கு முன்னால் என்னென்ன கார் வைத்திருந்தீர்கள்?

மூன்று: பணத்துக்கும் இடத்துக்கும் கவலையே இல்லையென்றால், உங்கள் கனவு ஷெட்டில் எந்தெந்த கார்களை நிறுத்துவீர்கள்?

"நாங்கள் தொட்டியத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். எங்களிடம் போய் இதைக் கேட்கலாமா?" என்கிறீர்களா? கேட்கலாம். இந்த விளையாட்டில் உங்களுக்கும் இடம் உண்டு. அதற்கு முன் ஒரு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன?

வேகமாகப் போகிற கார் எல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடாது. எடை குறைவாக, உயரம் குறைவாக இருக்க வேண்டும். வளைவில் திருப்பினால் சட்டென்று திரும்ப வேண்டும். பிரேக் போட்டால் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலும் இரண்டே இருக்கைகள்தான். மூட்டை முடிச்சோடு குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பமாகப் போக இது உதவாது!

ஏன் இவ்வளவு தாழ்வாகச் செய்கிறார்கள்? காவிரியில் பரிசலில் போயிருக்கிறீர்களா? ஏறியதுமே பரிசல்காரர் என்ன சொல்வார்? "எந்திரிச்சு நிக்காதே, உட்காரு!" என்பார். நீங்கள் எழுந்து நின்றால் பாரம் மேலே போகும். பரிசல் ஆடும், கவிழும். உட்கார்ந்தால் பாரம் கீழே இறங்கும். ஆட்டம் அடங்கும். கார் கதையும் இதேதான். உயரமான வண்டி வேகமாகத் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாயும். தாழ்வான கார் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பும்.

பின்னால் வால் மாதிரி ஒரு பலகை இருக்குமே, அது அழகுக்கு மட்டுமல்ல. விமானத்தின் இறக்கை, விமானத்தைக் காற்றில் மேலே தூக்குகிறது. அதே இறக்கையைத் தலைகீழாக வைத்தால்? காரைத் தரையோடு சேர்த்து அழுத்தும். வேகம் கூடக் கூட அழுத்தமும் கூடும். டயர் வழுக்காது.

ஆனால் ஒரு சிக்கல். இந்தக் கார்கள் பலவற்றில் தரைக்கும் காரின் வயிற்றுக்கும் அரை ஜாண் இடைவெளிதான் இருக்கும். நம்மூர் வேகத்தடையைக் கண்டால், பல லட்ச ரூபாய் கார் பயந்து நடுங்கும்!

முதல் கேள்வி: வயது என்ன?

கார் பந்தயம் இளைஞர்களின் விளையாட்டு என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

* அர்ஜென்டினாவின் யுவான் மானுவல் ஃபாஞ்சியோ 1957ல் ஐந்தாவது முறையாக ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 46.

* மொனாகோவைச் சேர்ந்த லூயி ஷிரோன், 1955ல் தன் சொந்த ஊரில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்டபோது வயது 55.

* இத்தாலியின் என்ஸோ ஃபெராரி, 1947ல் தன் பெயரில் முதல் காரை வெளியே கொண்டுவந்தபோது வயது 49.

* நடிகர் அஜித்குமார் 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் ஓட்டியபோது வயது 53. ஒரே காரை அணியினர் மாற்றி மாற்றி ஓட்டும் பந்தயம் அது. அவரது அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது.

இந்தப் பக்கம் சின்ன வயதுக்காரர் ஒருவரையும் பார்ப்போம். நெதர்லாந்தின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கியபோது வயது 17தான்! அத்தனை சின்ன வயதில் அதற்குமுன் யாரும் இறங்கியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? பந்தயப் பாதையில் மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்த அந்தப் பையனிடம், சாதாரண ரோட்டில் கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது! பதினெட்டாவது பிறந்தநாள் அன்று ஓட்டிக் காட்டி, எல்லோரையும் போலத்தான் லைசென்ஸ் வாங்கினார். உலகத்திலேயே சிறந்த ஓட்டுநர்களில் ஒருவருக்கே ரோட்டில் விதிவிலக்கு இல்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

கார்களுக்கும் வயது உண்டு

மனிதர்களின் வயதைக் கேட்டோம். கார்களின் வயது?

உலகின் முதல் மோட்டார் கார் என்று சொல்லப்படும் கார்ல் பென்ஸின் வண்டி, 1886ல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றது. அதற்கு மூன்றே சக்கரங்கள். நீங்கள் தத்தித் தத்தி நடை பழகிய நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தானே? காரும் அப்படித்தான் நடை பழகியது!

1888ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் தன் இரண்டு மகன்களை அழைத்துக்கொண்டு அந்த வண்டியில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். சுமார் 106 கிலோ மீட்டர். கிட்டத்தட்ட தொட்டியத்தில் இருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பும் தூரம். அப்போது பெட்ரோல் பங்க் ஏது? மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் அடைப்பை எடுத்தார். மேட்டில் வண்டி ஏறவில்லை. மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். காரில் நெடுந்தூரம் போன முதல் ஓட்டுநர் ஒரு பெண். வழியில் ரிப்பேர் பார்த்த மெக்கானிக்கும் அவரேதான்!

நம் நாட்டில் 50 வயதைத் தாண்டிய கார்களுக்குத் தனி மரியாதை உண்டு. பழைய உருவம் மாறாமல் காப்பாற்றி வைத்திருந்தால், 2021ல் வந்த விதிப்படி அவற்றை 'விண்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டிலும் தனி எழுத்துகள் இருக்கும். ஆனால் அந்தக் காரைத் தினமும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு போன்ற வேலைகளுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். வயதானவர்களை அலைக்கழிக்கக் கூடாது அல்லவா!

இரண்டாம் கேள்வி: முன்னால் என்ன வைத்திருந்தீர்கள்?

இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்றா நினைத்தீர்கள்? நடைவண்டி முதல் வண்டி. அப்புறம் மூன்று சக்கர சைக்கிள். பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டித் தட்டித் தெருவில் ஓட்டினீர்களே, அது மூன்றாவது. நுங்கு தின்ற பிறகு இரண்டு கூந்தலைக் குச்சியில் செருகி, கவட்டையால் தள்ளிக்கொண்டு ஓடிய நுங்கு வண்டி நான்காவது. பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது!

அடுத்து, இதே கேள்வியைத் தாத்தாவிடம் கேளுங்கள். அம்பாசடர், ஃபியட் என்று சொல்வார். 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று சொன்னால் உட்கார்ந்து முழுக் கதையையும் கேளுங்கள். ஏனென்றால் அது சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில், 1961 முதல் தயாரான கார். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை.

பார்க்கச் சாதுவான குடும்பக் கார். ஆனால் இங்கிலாந்தில் அதற்கு ஒரு சூரத் தம்பி இருந்தான்! 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் 1959ல் அங்கே வந்த அதே காரின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, 1962ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் ஒருவரே. இத்தாலியின் ஜியோவானி மிகலோட்டி. ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து ஒரே மூடியாகத் திறக்கும். முதலை வாயைப் பிளப்பது மாதிரி! மெக்கானிக்குகள் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பார்ப்பார்கள்.

அந்த நாளில் நம் ஊர் கார் பிரியர்களிடம் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பணமும் இல்லை, வழியும் இல்லை. அதனால் என்ன செய்தார்கள்? ஹெரால்டு, ஃபியட் போன்ற வீட்டுக் கார்களைப் பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினைத் தட்டிக் கொட்டிச் சீராக்கிப் பந்தயத்தில் இறக்கினார்கள்.

பந்தயம் எங்கே நடந்தது? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதையில்! மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கியது. அந்த கிளப்காரர்கள் சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தினார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக இடம் வாங்கிப் பந்தயப் பாதையே போட்டுவிட்டார்கள். 1990 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோ மீட்டர்.

காரைச் செய்துகொண்ட கரி

கோவையில் ஒருவர் இருந்தார். பெயர் கரிவரதன். எல்லோரும் அன்பாக 'கரி' என்பார்கள். அவருக்கு ஒரு கவலை. 'பந்தயத்துக்கென்றே செய்த ஒற்றை இருக்கைக் கார்கள் வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். விலையோ யானை விலை. திறமை இருக்கும் நம் பையன்கள் எதை ஓட்டிப் பழகுவார்கள்?'

கவலைப்பட்டதோடு நிற்கவில்லை. மாருதி 800 தெரியும் அல்லவா? 1983ல் வந்த குட்டிக் கார். மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு நின்ற கார். அதன் எஞ்சினை எடுத்தார். அதற்கேற்ற அடிச்சட்டமும் உடலும் கோவையிலேயே செய்தார். 1988ல் பிறந்தது 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்! எஞ்சின் கெட்டுப்போனால் உதிரிபாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். வெளிநாட்டுக்குக் கடிதம் போட வேண்டாம்.

அந்தக் காரில் பந்தயம் பழகியவர்களில் ஒருவர்தான் கோவை நரேன் கார்த்திகேயன். அவருடைய அப்பா ராலி பந்தயங்களில் சாம்பியன். 1992ல், 15 வயதில், பிரான்ஸ் நாட்டுப் பந்தயப் பள்ளிக்குப் போய்க் கற்றார் நரேன். திரும்பி வந்து ஃபார்முலா மாருதி ஓட்டினார். 2005ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார்! அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம். டயர் பிரச்னையால் பல அணிகள் விலகி, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது. ஆனாலும், ஃபார்முலா 1ல் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவைதான்.

இதைப் பார்க்கக் கரி இல்லை. 1995ல் சிறு விமான விபத்தில், நாற்பது வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே அவர் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மாணவிகளே, இது பையன்கள் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! சென்னையின் அலிஷா அப்துல்லா 9 வயதில் 'கோ கார்ட்' என்னும் குட்டிப் பந்தய வண்டியில் தொடங்கினார். பைக், கார் இரண்டிலும் ஆண்களோடு போட்டியிட்டார். அவருடைய அப்பாவும் பைக் பந்தய வீரர்.

மூன்றாம் கேள்வி: கனவு ஷெட்டில் என்ன?

இனிக்கும் கேள்வி இதுதான். எழுத ஆரம்பித்தால் நோட்டு தீர்ந்துவிடும்! உங்கள் ஷெட்டுக்குச் சில யோசனைகள் இதோ.

போர்ஷே 911: ஜெர்மனிக் கார். இதன் எஞ்சின் பின்னால் இருக்கும். பெட்டி வைக்கும் இடம் முன்னால்! 1963ல் கண்காட்சிக்கு வந்தபோது இதன் பெயர் 901. 'நடுவில் பூஜ்யம் வரும் மூன்று எண் பெயர்கள் எங்களுடையவை' என்று பிரான்ஸின் பியூஜோ கம்பெனி மறுப்புச் சொன்னது. பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒன்று போட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

லம்போர்கினி: இது வாழைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இதை உருவாக்கிய ஃபெருச்சியோ லம்போர்கினி இத்தாலியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் செய்தது டிராக்டர்! 1948ல் டிராக்டர் கம்பெனி தொடங்கினார். கார் கம்பெனி தொடங்கியது 1963ல்தான்.

மஸ்டா எம்எக்ஸ்-5: 1989ல் வந்த ஜப்பான் கார். ராட்சச எஞ்சின் இல்லை. விண்ணை முட்டும் விலையும் இல்லை. எடை குறைவு, ஓட்ட இன்பம். அவ்வளவுதான். 2016ல் பத்து லட்சமாவது கார் தயாரானது. உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இதுவே!

சான் ஸ்டார்ம்: நம் நாட்டுப் பெயர் ஒன்றும் வேண்டாமா? கோவாவில் 1990களின் கடைசியில் தயாரான இரண்டு இருக்கை திறந்த கார். உடல் இரும்பு அல்ல, ஃபைபர். இப்போது தயாரிப்பில் இல்லை. அதனால் உங்கள் ஷெட்டில் ஒன்று இருந்தால் அது அபூர்வப் பொருள்!

கனவு ஷெட் நிஜமாகவே எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? கோவை அவினாசி ரோட்டில் 'ஜீ.டி. கார் மியூசியம்' இருக்கிறது. 2015ல் திறந்தார்கள். பென்ஸின் மூன்று சக்கர வண்டியைப் போலவே செய்த மாதிரி தொடங்கி, வரிசையாகப் பழைய கார்கள் நிற்கின்றன. அடுத்த விடுமுறையில் கோவை உறவினர் வீட்டுக்குப் போனால் மறக்காமல் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

மியூசியத்தின் பெயரில் இருக்கும் ஜீ.டி. நாயுடு (1893 - 1974) யார் தெரியுமா? கோவை அருகே கலங்கல் கிராமத்துப் பையன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்கு மோட்டார் பைக்கில் வந்தார். அப்படி ஒரு பொருளை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. 'எனக்கும் ஒன்று வேண்டும்' என்று மனதில் விழுந்துவிட்டது. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து, அந்த பைக்கையே வாங்கினார்.

வாங்கியதும் ஊரைச் சுற்றி வந்து பெருமை அடித்தாரா? இல்லை. பைக்கை அக்கக்காகப் பிரித்தார். எந்தப் பாகம் எதற்கு என்று பார்த்தார். மறுபடி பூட்டினார்! 1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அது வளர்ந்து பெரிய பஸ் கம்பெனி ஆனது. 1937ல் மின் மோட்டாரே தயாரித்தார்.

இப்போது புரிகிறதா சுட்டிகளே? பெர்த்தாவிடம் ஊசி இருந்தது. கரியிடம் மாருதி எஞ்சின் இருந்தது. நாயுடுவிடம் ஒரு பழைய பைக் இருந்தது. விலை உயர்ந்த காரை வைத்திருந்ததால் இவர்களை நாம் நினைக்கவில்லை. கையில் இருந்த வண்டியைத் தெரிந்துகொண்டதால் நினைக்கிறோம். கார் பிரியருக்கு அதுதான் அடையாளம்.

சாவி ஆணியில் தொங்குகிறதே...

சரி, இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அப்பாவின் பைக் சாவியோ, மாமாவின் கார் சாவியோ சுவரில் ஆணியில் தொங்கும். 'ஒரே ஒரு ரவுண்டு' என்று கை துறுதுறுக்கும். 'பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டுறானே' என்று தோன்றும்.

ஒரு கணக்குப் போடுவோம். சைக்கிளில் மணிக்கு 15 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடியில் சுமார் 4 மீட்டர் போவீர்கள். பைக்கில் 60 கிலோ மீட்டர் வேகத்தில் போனால்? ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர்! 'ஐயோ, எதிரே வாழைத்தார் லாரி' என்று மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அந்த 17 மீட்டர் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கவே ஆரம்பிக்கும்.

இன்னொன்று. வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் போட்ட பிறகு வண்டி ஓடும் தூரமும் இரண்டு மடங்கு ஆகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, நான்கு மடங்கு! இந்தக் கணக்கு யாருக்கும் சலுகை காட்டாது.

பந்தயப் பாதையில் எதிரே லாரி வராது. மாடு குறுக்கே வராது. தெருவில் பந்து பொறுக்க ஓடிவரும் குட்டித் தம்பி இருக்க மாட்டான். ஓட்டுபவர் ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, அசையாமல் கட்டும் பெல்ட் எல்லாம் போட்டிருப்பார். காருக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு இருக்கும். 2025 துபாய் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு, பயிற்சியில் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. ஆனாலும் அவர் காயமின்றி இறங்கி வந்தார். நம்மூர் ரோட்டில் அரைக்கால் டிரவுசரோடு பைக் ஓட்டும் பையனுக்கு எந்தக் கூண்டு இருக்கிறது?

சட்டமும் சும்மா இல்லை. கார் ஓட்ட லைசென்ஸ் வாங்க 18 வயது ஆக வேண்டும். 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், அப்பா அம்மா அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஒரு ரவுண்டு ஆசைக்கு இது ரொம்பப் பெரிய விலை!

வெர்ஸ்டாப்பனை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே? ஃபார்முலா 1 ஓட்டியவரே ரோட்டுக்கு வரப் பதினெட்டாவது பிறந்தநாள் வரை காத்திருந்தார். நாம் காத்திருக்க மாட்டோமா?

இன்றைக்கே ஆரம்பிக்கலாம்

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது அல்ல. நீங்கள் இருக்கும் இடமே வண்டிகளின் ராஜ்யம்! ஒரு பக்கம் நாமக்கல். லாரிகளுக்கு உடல் கட்டுவதில் பேர்போன ஊர். காவிரியைத் தாண்டினால் கரூர். பஸ்களுக்கு உடல் கட்டும் ஊர். வெறும் எஞ்சினும் அடிச்சட்டமுமாக வரும் வண்டி, அங்கே வெல்டர், தச்சர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் என்று பலர் கைபட்டு முழு வண்டியாக வெளியே வருகிறது.

பந்தயத்திலும் அப்படித்தான். ஓட்டுபவர் ஒருவர்தான் டிவியில் தெரிவார். ஆனால் ஃபார்முலா 1ல் டயர் மாற்ற மட்டும் சுமார் 20 பேர் வேண்டும். 2023ல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் அணியினர் நான்கு டயரையும் 1.80 நொடியில் மாற்றினார்கள்! பங்குனியில் உங்கள் ஊர் மதுரகாளியம்மன் தேரைத் தோளில் தூக்கிப் போகிறார்களே, ஒரு தோள் விலகினால் என்ன ஆகும்? எல்லோரும் ஒரே தாளத்தில் அடி வைத்தால்தான் தேர் நகரும். கார் பந்தயமும் அப்படிப்பட்ட கூட்டு வேலைதான். ஓட்டுநர், மெக்கானிக், இன்ஜினியர், கணக்குப் போடுபவர், வரைபவர் எல்லோருக்கும் அங்கே இடம் இருக்கிறது.

ஒரு 80 பக்க நோட்டு எடுங்கள். அட்டையில் 'என் ஷெட்' என்று எழுதுங்கள். பிறகு:

1. ஒரு பக்கத்துக்கு ஒரு கார். படம் வரைந்து, எந்த ஆண்டு, எந்த நாடு, எஞ்சின் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். விலையைக் கடைசியில் எழுதினால் போதும்.

2. தாத்தா, பாட்டி, மாமா என்று மூன்று பேரிடம் மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதுங்கள். மாட்டு வண்டியில் ஆரம்பிக்கும் பட்டியல்தான் சுவையாக இருக்கும்!

3. உங்கள் சைக்கிளை நீங்களே துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, பிரேக் கட்டையைச் சோதியுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பஞ்சர் ஒட்டவும் பழகுங்கள். கழற்றியதை அதே வரிசையில் மாட்டத் தெரிந்தால் நீங்கள் பாதி மெக்கானிக்!

இனி யாராவது "உங்கள் ஷெட்டில் என்ன கார் நிற்கிறது?" என்று கேட்டால் கூச்சப்படாமல் நோட்டை நீட்டுங்கள்.

குட்டி வினாடி வினா

1. டிராக்டர் கம்பெனிக்காரர் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் எது?

2. சோழவரம் பந்தயப் பாதை முதலில் எதற்காகப் போடப்பட்டது?

3. ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 'சூரத் தம்பி' யார்?

4. போர்ஷே 911ன் முதல் பெயர் என்ன?

5. வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் போட்டபின் வண்டி ஓடும் தூரம் எத்தனை மடங்கு ஆகும்?

விடைகள்: 1. லம்போர்கினி. 2. விமானங்களுக்காக. 3. ஸ்பிட்ஃபயர். 4. 901. 5. நான்கு மடங்கு.

ஐந்துக்கு ஐந்தா? சபாஷ்! நோட்டின் முதல் பக்கத்தில் நீங்களே ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்ளுங்கள்.